பெயின்ற் கடைக்காரி கற்ற நிறச் சாத்திரம்

எங்கள் கடையில் பெயின்ற் கலக்கும் மிசின் ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பேஸ் வாளியை அடியில் வைத்து இலக்கத்தைத் தட்டினால் மேலிருந்து சாயம் சொட்டும். பிறகு வாளியைக் குலுக்கும் பெட்டியில் பூட்டிச் சில நிமிடம் குலுக்கினால் கேட்ட நிறம் வந்துவிடும். இந்த மிசினுக்குப் பக்கத்தில் நான் 2008 இலிருந்து நிற்கிறேன். திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் மாமாவின் ஹாட்வெயார் கடை. சீமெந்து, கம்பி, குழாய் எல்லாம் மாமாவும் பெடியன்களும் பார்ப்பார்கள். பெயின்ற் மூலை என்னுடையது.

சீமெந்து வாங்க வருகிறவர் எத்தனை பை என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். பெயின்ற் வாங்க வருகிறவர் அப்படிப் போகமாட்டார். கலர் அட்டையை விரித்ததும் கதைக்கத் தொடங்கிவிடுவார். யாருக்குக் கலியாணம், யார் வெளிநாட்டிலிருந்து வருகிறார், எந்த அறையில் யார் படுக்கிறது, மாமியாருக்கு எது பிடிக்காது, எல்லாம் வரும். கேட்டுக் கேட்டு, ஒருவருக்குப் பிடித்த நிறத்திலிருந்து அவரைப் பற்றி எதை அறியலாம், எதை அறியவே முடியாது என்று எனக்கென்று ஒரு கணக்கு வந்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்க விலை கொடுக்க வேண்டியிருந்தது. விலை கொடுத்தது நான் மட்டும் என்றால் பரவாயில்லை.

2011 இல் ஒரு பெயின்ற் கம்பனி எங்களைப் போன்ற கடைக்காரர்களைக் கொழும்புக்குக் கூப்பிட்டு ஒரு நாள் வகுப்பு வைத்தது. மத்தியானம் புரியாணி, பின்னேரம் ஆளுக்கொரு தாள். நிறமும் மனமும் என்று தலைப்பு. சிவப்புப் பிடித்தவர் துணிச்சல்காரர், நீலம் பிடித்தவர் அமைதியானவர், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி, பச்சை என்றால் நிதானம், ஊதா என்றால் கற்பனை, ரோஸ் என்றால் அன்புக்கு ஏங்குபவர். அடியில் எந்த மனதுக்கு எந்த அறைக்கு எந்த நிறம் என்று ஒரு அட்டவணை. எனக்கு அது புதையல் கிடைத்த மாதிரி. ஊருக்கு வந்ததும் லமினேற் பண்ணி மிசினுக்கு மேலே ஒட்டினேன்.

ஆறு மாதத்தில் நான் அரைச் சாத்திரி. மஞ்சள் கேட்டு வந்த ஒரு அக்காவிடம், "வெளியிலே சிரிச்சுக்கொண்டு திரிஞ்சாலும் உள்ளுக்குள்ளே நிறைய யோசிக்கிற ஆள் என்ன நீங்கள்?" என்றேன். அவர் கண் கலங்கிவிட்டார். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டு, ஒரு வாளி வாங்க வந்தவர் மூன்று வாளியோடு போனார். மாமாவுக்கு வலு சந்தோசம். "பக்கத்திலே ஒரு கிளிக்கூண்டும் வைச்சியெண்டால் இன்னும் ஓடும்" என்பார். நானும் சிரிப்பேன். உண்மையைச் சொன்னால், அது பகிடி என்று அப்போது எனக்குப் படவில்லை. எனக்கு ஏதோ கைவந்துவிட்டது என்றே நினைத்தேன்.

பிறகு, 2013 இல், உப்புவெளிப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். பின்னறைக்குப் பெயின்ற் வேண்டும், அது அம்மாவின் அறை என்றார் மகள். அம்மாவுக்கு இரவில் சரியாக நித்திரை வருவதில்லை என்றும் சொன்னார். நான் தாளைப் பார்க்கக்கூட இல்லை, எனக்குப் பாடம். "நீலம் அடியுங்கோ அம்மா. நீலம் மனசை ஆற்றும். சன்னலைத் திறந்தாலும் கடல், மூடினாலும் கடல் மாதிரி இருக்கும்" என்றேன். அந்தக் கடைசி வசனத்தை நானே வடிவாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு.

அந்த அம்மா கையிலிருந்த அட்டையை மேசையில் வைத்தார். ஒன்றும் சொல்லாமல் எழும்பி வெளியே போய்ச் சீமெந்துப் பைகளுக்குப் பக்கத்தில் நின்றார். மகள் குரலைத் தாழ்த்தி, "தம்பி ரெண்டு பேர் அக்கா. சுனாமியிலே" என்றார். அவ்வளவுதான். அவர்கள் எதுவும் வாங்கவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று நானும் இந்த ஊரில்தான் இருந்தேன். நிலாவெளியில், குச்சவெளியில், கிண்ணியாவில், மூதூரில் என்ன நடந்தது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தும் எங்கேயோ இருந்து யாரோ எழுதின ஒரு தாளைப் பாடமாக்கிக்கொண்டு, நிற்கிற ஊரை மறந்து கதைத்திருக்கிறேன். எனக்கு இன்றும் கூச்சம் தருவது அதுதான். அன்று பின்னேரம் தாளைக் கழற்றினேன். கிழித்தெறிய நினைத்தேன், ஆனால் லமினேற் பண்ணினது கிழியாது. லாச்சியில் போட்டுப் பூட்டினேன்.

அதன் பிறகுதான் இந்தச் சாத்திரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். சுவிற்சர்லாந்து உளவியலாளர் மாக்ஸ் லூஷர் 1940களின் பிற்பகுதியில் ஒரு சோதனையை வெளியிட்டார். எட்டு நிற அட்டைகள்: கடும் நீலம், நீலப்பச்சை, செம்மஞ்சள் கலந்த சிவப்பு, மஞ்சள், ஊதா, மண்ணிறம், கறுப்பு, சாம்பல். மிகவும் பிடித்ததிலிருந்து பிடிக்காததுவரை வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். முன்னால் வருவது நீங்கள் தேடுவது, பின்னால் தள்ளுவது நீங்கள் ஒதுக்குவது என்பது அவர் கணக்கு. உலகம் முழுக்கப் பரவியது. பிற்காலத்தில் வேறு ஆளுமைச் சோதனைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பெரிய பொருத்தம் எதையும் காணவில்லை. எங்களுக்குக் கொழும்பில் தந்த தாள் இந்தச் சோதனையும் கிடையாது. வாய்வழியாகத் தேய்ந்து வந்த ஏதோ ஒன்று.

அப்படியென்றால் அந்த மஞ்சள் அக்கா ஏன் அழுதார்? இதற்கும் விடை கிடைத்தது. 1948 இல் அமெரிக்க உளவியலாளர் பேற்றம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். ஒரு கிழமை கழித்து, உங்கள் ஆளுமை இதுதான் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு சரி என்று ஐந்துக்குப் புள்ளி போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகுதான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். அதிலிருந்த வசனங்களை அவர் எடுத்தது ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து.

நம்பக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. சரி, நாமே பார்ப்போம் என்று ஒரு கிழமை கடையில் செய்து பார்த்தேன். எந்த நிறம் கேட்டு வந்தாலும் சொன்னது ஒரே வசனம்: "இந்த நிறம் பிடிச்சவை மற்றவைக்காக நிறையச் செய்வினம், ஆனால் அவைக்கு வேண்டியதை வாய் திறந்து கேக்கமாட்டினம்." வெள்ளை கேட்டவர் தலையாட்டினார். சிவப்பு கேட்டவரும் தலையாட்டினார். சாம்பல் கேட்ட ஒரு அண்ணா, மனிசியைக் கூப்பிட்டு, "கேட்டியோ, கடைக்காரப் பிள்ளைக்கே விளங்குது" என்றார். ஒருவர்கூட இல்லை என்று சொல்லவில்லை. அது சரியான வேலை இல்லைதான். ஆனால் அந்தக் கிழமையோடு எனக்குப் பேய் தெளிந்தது.

இன்னொரு கணக்கும் இடித்தது. 2015 இல் பத்து நாடுகளில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் பத்திலும் நீலமே முதலிடம். சீனாவும் அதில் உண்டு, இந்தோனேசியாவும் உண்டு, பிரித்தானியாவும் உண்டு. நீலம் பிடித்தவர்கள் எல்லோரும் அமைதியானவர்கள் என்றால் உலகம் இப்படியா இருக்கும்?

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் இடைக்கிடை கடைக்கு வருவார், வாங்குவது குறைவு, கதை அதிகம். அவரிடம் இதைச் சொன்னபோது, தமிழில் மனதை நிறத்தில் பார்த்தது வேறு வழியால் என்றார். முகம் கறுத்தது, முகம் சிவந்தது, முகம் வெளுத்தது என்கிறோம். திருக்குறளில் பசப்புறு பருவரல் என்று 119ஆம் அதிகாரமே இருக்கிறது. தலைவன் பிரிந்து போனதில் தலைவியின் மேனியில் படரும் பசலை. மனதில் உள்ளது மேனியில் நிறமாக வந்துவிடுகிறது, அதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்து அறிகிறார். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று யாரும் தலைவியைக் கேட்டதில்லை என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. ஆளைப் பார், அட்டையைப் பார்க்காதே என்று சொன்ன மாதிரி.

படித்ததில் என் கடை வேலைக்கு உதவியது ஒன்றே ஒன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஸ்டீபன் பாமர், கரன் ஷ்லோஸ் என்ற இருவர் 2010 இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு கூட்டத்திடம் 32 நிறங்களைக் காட்டி எவ்வளவு பிடிக்கிறது என்று கேட்டார்கள். இன்னொரு கூட்டத்திடம் அதே நிறங்களைக் காட்டி, இந்த நிறத்தில் என்னென்ன பொருள் ஞாபகம் வருகிறது என்று கேட்டார்கள். மூன்றாவது கூட்டத்திடம் அந்தப் பொருள்கள் எவ்வளவு பிடிக்கும் என்று கேட்டார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், நிறத்துக்கு நிறம் விருப்பம் கூடிக் குறைவதில் 80 வீதமளவை அந்தப் பொருள்களின் மீதான விருப்பத்தை வைத்தே விளக்க முடிந்தது. தெளிந்த வானம், சுத்தமான தண்ணீர் என்று நினைவு வருவதால் நீலம் பிடிக்கிறது. அழுகினது, சத்தி என்று நினைவு வருவதால் ஒரு மாதிரியான மஞ்சள் கலந்த மண்ணிறம் பிடிக்காமல் போகிறது.

அதாவது ஒருவருக்குப் பிடித்த நிறம் அவர் கண்டு கழித்த வாழ்க்கையின் கணக்கு. உப்புவெளி அம்மாவின் நீலத்தில் தெளிந்த வானம் இல்லை.

அன்றிலிருந்து கேள்வியை மாற்றிவிட்டேன். "என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்பதில்லை. முதலில், "எந்த நிறம் வேண்டாம்?" அதற்குப் பிறகு, "இந்த நிறத்தை எங்கே பார்த்தனீங்கள்?" இந்த இரண்டு கேள்விக்கும் வந்த பதில்கள் அந்தத் தாளில் இல்லாதவை.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கள் கடைக்கு நிறைய வருவார்கள். ஒரு நானா பச்சை கேட்டார். நான் அவர் தொப்பியைப் பார்த்தேன், பள்ளிவாசல் பச்சைதான் என்று முடிவுகட்டி அட்டையில் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். (ஒரு தாளைக் கழற்றிவிட்டாலும் மண்டைக்குள் இன்னொரு தாள் ஒட்டியிருக்கும், கவனம்.) பழக்கத்தில் வாய் மட்டும், "எங்கே பார்த்த பச்சை நானா?" என்று கேட்டது. அவர் சிரித்தார். "குவைத்தில பன்னிரண்டு வருசம் தங்கச்சி. சன்னலால எட்டிப் பார்த்தா மண்ணும் மதிலும். நாத்து நட்டு ஒரு மாசத்தில வயல் ஒரு பச்சை இருக்குமே, அத தாங்க."

அதே மாதம் தம்பலகாமத்திலிருந்து ஒரு அக்கா. அதே வயல் பச்சையைக் காட்டியதும் கையை உதறினார். "விடிஞ்சா பொழுதுபட்டா வயலுக்குள்ளே நிக்கிறன். வீட்டுக்குள்ளேயும் வயலோ?" பிறகு ஒரு நாள் ஒரு பெடியன் வந்தான், முப்பது வயது இருக்கும். அட்டையில் கடும் பச்சைகள் உள்ள பக்கம் வந்ததும் படிக்காமலே திருப்பினான். "அந்தப் பக்கம் வேண்டாம் அக்கா." அந்தப் பச்சையை எங்கே பார்த்தான் என்று நான் கேட்கவில்லை. யுத்த காலத்தில் வளர்ந்த எங்கள் வயதுக்காரருக்கு அது தெரியும். கேட்காமல் விடவேண்டிய இடம் எது என்று அறிவதும் இந்த வேலையில் ஒரு பகுதி.

ஒரே பச்சை. ஒருவருக்கு இல்லாத குறை, ஒருவருக்கு இருந்து அலுத்தது, ஒருவருக்குப் பார்க்கவே முடியாதது. பச்சை பிடித்தவர் நிதானமானவர் என்று எழுதினவரை அந்த மாதம் எங்கள் கடையில் கொண்டுவந்து இருத்தியிருக்க வேண்டும்.

மனதின் தேவை என்று சொல்கிறார்களே, அது நிறத்தில் தெரியுமா என்றால், சில வேளை தெரியும். ஆனால் எந்த நிறம் என்பதில் அது அகப்படாது. யார் தெரிவு செய்கிறார், யாருக்காக, எதை விட்டு எதைப் பிடிக்கிறார் என்பதில் அகப்படும்.

ஒரு ஆச்சியை மகன்மார் இரண்டு பேர் கூட்டிவந்தார்கள். எழுபது தாண்டியிருக்கும், கணவர் போய் ஒரு வருடம். மகன்மார் கிறீம் நிறம் என்று வீட்டிலேயே முடிவுசெய்துவிட்டார்கள், ஆச்சியைக் கூட்டிவந்தது ஒரு மரியாதைக்கு. ஆச்சி அட்டையைப் புரட்டி ஒரு ரோஸில் விரலை வைத்தார். நல்ல கடும் ரோஸ். மகன்மாருக்குச் சிரிப்பு. "என்னம்மா சின்னப்பிள்ளை மாதிரி." தாளின்படி பார்த்தால் ஆச்சி அன்புக்கு ஏங்குகிறார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள், அப்படி ஏங்குவதாகத் தெரியவில்லை. "இதை எங்கே பார்த்தனீங்கள் ஆச்சி?" என்றேன். "எங்கேயும் பார்க்கேல்லை பிள்ளை. கலியாணம் முடிச்சு வரேக்கை மாமி வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சு வைச்சிருந்தா. பிறகு அவர் நீலமெண்டார். வீட்டைக் கட்டேக்கை இவங்கள் மஞ்சளெண்டாங்கள். என்னை ஒருத்தரும் கேக்கேல்லை. நீ அட்டையைத் தந்தாய், வைச்சுப் பார்த்தன்."

மூத்த மகன் கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "அம்மான்ரை அறைக்கு அதையே குடுங்கோ" என்றார். அந்த ஆச்சிக்குத் தேவைப்பட்டது ரோஸ் என்று எனக்குத் தோன்றவில்லை. கத்தரிப்பூ நிறத்தில் விரல் வைத்திருந்தாலும் கதை அதுதான்.

இன்னொரு வீட்டில் இதற்கு நேர்மாறு. மகன் கனடாவில், வீட்டுக்குக் காசு அவன் காசு. வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, வெளிச்சுவர் உட்சுவர் எல்லாம் இந்தச் சாம்பல் நிறம் என்று கட்டளை. தாய் அந்தப் படத்தை என்னிடம் நீட்டிவிட்டு, "உயிரோடை இருக்கேக்கையே சாம்பல் பூசச் சொல்லுறானோ?" என்றார். சொல்லே அப்படி. ஆங்கிலத்தில் அந்த நிறத்துக்கு ஒரு பெயர், எங்களுக்கோ அது அடுப்பும் சுடலையும். அவர் போனில் மகனைப் பிடித்துத் தந்தார். எங்கே தம்பி பார்த்தனீங்கள் என்று அவனிடமும் கேட்டேன். தான் வேலைக்குப் போகும் வழியில் ஒரு வரிசை வீடுகள் இருக்கிறது, எல்லாம் இந்த நிறம், வெள்ளைக் கரை, அந்த விலைக்குத் தன்னால் அங்கே ஒரு நாளும் வாங்க முடியாது என்றான். அதற்குப் பிறகு எனக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. வெளிச்சுவர் சாம்பலும் வெள்ளைக் கரையும், உள்ளே தாய்க்கு மாம்பழ மஞ்சள் என்று முடித்தோம். படத்தில் வரப்போவது வெளிச்சுவர்தானே.

எல்லாவற்றுக்கும் மனதைத் தேடவும் கூடாது. மீன்பிடிக்காரர்கள் வள்ளத்துக்கு எனாமல் வாங்க வருவார்கள். செம்மஞ்சள், மஞ்சள், சிவப்பு. உற்சாகமான மனிதர்கள் என்று தாள் சொல்லும். ஒரு அண்ணாவிடம் கேட்டால், "நீலக் கடலிலே நீலம் அடிச்சா தேடி வாறவன் எப்பிடிக் காணுறது?" என்பார். உயிர்காக்கும் அங்கியும் செம்மஞ்சளாக இருப்பது இதே காரணத்துக்குத்தான்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் இந்தத் தாள்கள் கூடுதலாகத் தொந்தரவு தருகின்றன என்பது என் எண்ணம். பக்கத்து வீட்டில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளை. வீட்டுக்கு வந்தால் எப்போதும் கறுப்புச் சட்டை. தாய் எதையோ வாசித்துவிட்டு, கறுப்புப் பிடிப்பது மனச்சோர்வுக்கு அடையாளமாம் என்று பயந்துபோய் என்னிடம் வந்தார். நிறக்காரி என்று என்னை நம்பித்தானே வருகிறார். "நித்திரை கொள்ளுறாளோ? சாப்பிடுறாளோ? கூட்டாளிமாரோடை கதைக்கிறாளோ?" என்றேன். எல்லாம் வழமைபோல என்றார். அப்படியென்றால் அவளையே கேளுங்கோ என்றேன். கேட்டிருக்கிறார். "கிழமையிலே அஞ்சு நாளும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கே கறை படும், எங்கே இருக்கலாம் எண்டு பயந்துகொண்டு திரியிறன். வீட்டிலேயாவது நிம்மதியா இருக்க விடுங்கோ" என்றாளாம். மாதத்தில் அந்த நாட்களில் வெள்ளைச் சீருடையோடு பள்ளிக்கூடம் போன எந்தப் பெண்ணுக்கும் இது விளங்கும். நானும் போனவள்தான், எனக்கு ஏன் முதலே தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. நித்திரை, சாப்பாடு, கதை இந்த மூன்றும் மாறியிருந்தால் என் பதில் வேறு. அப்போது சட்டை ரோஸாக இருந்தாலும் ஒரு வைத்தியரிடம் கூட்டிப்போகத்தான் சொல்லியிருப்பேன்.

என் மகன் மூன்றாம் வகுப்பில் கடலுக்கு மண்ணிறம் தீட்டினான். ரீச்சர் கூப்பிட்டு, பிள்ளை வீட்டில் ஏதும் கவலையோ என்று பக்குவமாகக் கேட்டார். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். மகனின் அப்பா ஊர் மூதூர். மகாவலி வந்து கடலில் விழுவது அங்கே கொட்டியாரக் குடாவில். மாரி மழை தொடங்கி ஆறு பெருகினால் குடா தேத்தண்ணி நிறத்தில் கிடக்கும். அந்த மார்கழி விடுமுறைக்கு அங்கேதான் நின்றவன். கண்ணால் கண்டதைத் தீட்டியிருக்கிறான். மற்றப் பிள்ளைகள் எல்லாம் புத்தகத்தில் உள்ள கடலைத் தீட்டியிருந்தார்கள்.

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கடைசியில் பணம் கொடுத்துப் பூசுவது சுவருக்கு. அட்டையில் விரல் நகமளவு பார்த்த நிறம் சுவரில் ஏறினால் கூடக் கடுமையாகத் தெரியும். மஞ்சள் இதில் மோசம், நாலு சுவரும் ஒன்றுக்கொன்று வெளிச்சத்தை எறிந்து அறையே கொதிக்கும். அட்டையில் பிடித்ததிலிருந்து ஒரு படி, இரண்டு படி மெல்லியதாக எடுங்கள். எடுத்ததும் பத்து லீற்றர் வாளி வாங்க வேண்டாம். கிடைக்கிற ஆகச் சிறிய டின்னை வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி ஹாட்போட் துண்டொன்றில் இரண்டு தரம் பூசிக் காயவிட்டு, அறையின் வெவ்வேறு சுவர்களில் சாய்த்து வைத்துப் பாருங்கள். காலையில், பின்னேரம் நாலு மணிக்கு, இரவில் லைற் போட்டபின். எங்கள் ஊரில் கடல் பக்கம் கிழக்கு, விடியற்காலை வெளிச்சம் கண்ணைக் குத்தும். அதே நிறம் இரவில் வெள்ளை எல்.ஈ.டி. வெளிச்சத்தில் செத்த மாதிரிக் கிடக்கும். நிறம் மனதை மாற்றிவிட்டது என்று வந்து முறையிட்ட இரண்டு பேருக்கு நான் மாற்றிக் கொடுத்தது பல்ப்.

கணவனும் மனைவியும் ஒத்துவராவிட்டால் பிடித்ததைக் கேட்காதீர்கள், சண்டை முற்றும். ஆளுக்கொரு பென்சில் கொடுத்து, தன்னால் சகிக்கவே முடியாத நிறங்களை அட்டையில் வெட்டச் சொல்லுங்கள். மிச்சத்தில் ஏதாவது ஒன்று கிடைக்கும். கிடைக்காமல் போன ஒரே ஒரு சோடி எனக்கு ஞாபகம், அவர்கள் வந்தது பெயின்ற் வாங்க இல்லை என்று பிறகு தெரிந்தது. பிள்ளைகளுக்கு முழு அறையையும் கொடுக்க வேண்டாம், அவர்களுக்குப் பிடித்தது அடுத்த வருடம் மாறிவிடும். ஒரு சுவர், அல்லது ஒரு அலுமாரிக் கதவு கொடுங்கள். பெரியவர்களின் அறைக்குப் பெயின்ற் அடிக்கும்போது அவர்களைக் கடைக்குக் கூட்டி வாருங்கள். வந்தால் அட்டையை முதலில் அவர்கள் கையில் கொடுங்கள்.

அப்புறம், ஆலோசனை சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவருக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டுவிடுங்கள். இதை என்னை வைத்தே சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், கடைக் கணக்கைக் கணினியில் ஏற்றும்போது மாமாவின் மகள் ஒன்றைக் கண்டுபிடித்தாள். "மச்சாள், நீங்கள் நிக்கிற நாளிலே ஒரே ஒரு இலக்கம்தான் கூட விக்குது." எடுத்துப் பார்த்தால் மெல்லிய பச்சை ஒன்று. கொஞ்சம் நீலம் கலந்தது, பழைய சவர்க்காரக் கட்டி மாதிரி. தெரியாது, முடிவெடுக்க முடியவில்லை என்று வந்து நிற்கிறவர்களுக்கெல்லாம் நான் அதைத்தான் தள்ளிவிட்டிருக்கிறேன். எனக்கே தெரியாது. மற்றவர்களை எங்கே பார்த்தனீங்கள் என்று இத்தனை வருடம் கேட்டவள், என்னைக் கேட்டுப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் பாத்திரம் கழுவும்போது வந்தது. என் மகன் பிறந்தது ஏழாம் மாதத்தில். ஒரு கிலோவும் முந்நூறு கிராமும். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு நாள் ஒரு கதிரையில் இருந்தேன். முன்னால் சுவர், தோளளவுக்கு அந்தப் பச்சை, மேலே வெள்ளை. சத்திரசிகிச்சைக் கூடங்களில் பச்சை வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இரத்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்து வெள்ளையைப் பார்த்தால் கண்ணில் ஒரு பச்சை நிழல் மிதக்கும், துணியும் சுவரும் பச்சையாக இருந்தால் அந்த நிழல் கரைந்துவிடும், கண்ணுக்கு ஓய்வு. அங்கிருந்து வார்ட்டுகளுக்கும் பரவியது. அதெல்லாம் நான் பிறகு படித்தது. அப்போது எனக்குத் தெரிந்தது, ஒவ்வொரு காலையும் நேர்ஸ் மிஸ் வந்து பிள்ளையின் நிறை பார்த்து அந்தச் சுவரில் தொங்கிய அட்டையில் எழுதுவார் என்பது மட்டும். பதினைந்து கிராம் கூட. இருபது கிராம் கூட. ஒரு நாள் குறைந்தது, அன்று நான் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் முப்பது கூடியது.

பெரும்பாலானவர்களுக்கு அந்த நிறம் டெற்றோல் மணம், ஊசி, சாவு. எத்தனை பேருக்கு அதை நான் விற்றிருக்கிறேனோ தெரியாது. இப்போது தெரியாது என்று வருகிறவர்களுக்கு அட்டையைக் கொடுத்துவிட்டு நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.

போன தைப்பொங்கலுக்கு எங்கள் குசினிக்குப் பெயின்ற் அடித்தோம். நான் அந்த இலக்கத்தையே கலந்து கொண்டுபோனேன். முதல் கோட் காய்ந்ததும் இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்னப்பா இது, ஆஸ்பத்திரி மாதிரிக் கிடக்கு" என்றார்.

"ஓம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு ரோலரை எடுத்து இரண்டாம் கோட் அடிக்கத் தொடங்கினார்.